இயா பள்ளத்தாக்கில் ஒரு நாள் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் ஷிகோகு தீவில், தொகுஷிமா மாகாணத்தின் மலைப்பகுதியில் இருக்கிறது இயா பள்ளத்தாக்கு. ஓபோகே ரயில் நிலையத்தில் தொடங்கி, இயா ஆற்றின் போக்குக்கு எதிராக மேலேறி, ட்சுருகி மலையின் அருகிலுள்ள மினோகோஷி கணவாயைக் கடந்து, மறுபக்கம் சதாமிட்சு ரயில் நிலையத்தில் இறங்குவதுதான் இங்கே பேசப்படும் பாதை. இதில் சைக்கிள் ஓட்டத் திட்டமிடும் நண்பர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

இயாவுக்கு எப்படிப் போய்ச் சேருவது? டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் முடியுமா?

போய்ச் சேருவது ஒரே நாளில் முடியும். போய்ச் சேர்ந்த அன்றே ஓட்டுவது முடியாது. டோக்கியோவிலிருந்தோ ஒசாகாவிலிருந்தோ ஷின்கான்சென் ரயிலில் ஒகாயாமா வந்து, அங்கிருந்து கோச்சி நோக்கிச் செல்லும் நான்பு விரைவு ரயிலில் ஏறினால், 1988இல் திறக்கப்பட்ட செத்தோ பெரும்பாலத்தின் வழியே கடலைக் கடந்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஓபோகேயில் இறங்கலாம்.

முதல் ரயிலைப் பிடித்து வந்தாலும் காலை வெயில் ஏறிய பிறகுதான் சைக்கிளில் ஏற முடியும். ஆகையால் முந்தைய இரவை ஓபோகேயிலோ அதற்குச் சற்று முன்னுள்ள அவா-இகேதாவிலோ கழித்துவிட்டு, விடிந்ததும் கிளம்புவதுதான் சரி. இந்தப் பயணத்தில் எதைச் சுருக்கினாலும் பரவாயில்லை, காலை நேரத்தை மட்டும் சுருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஜப்பான் ரயிலில் சைக்கிளை ஏற்ற விடுவார்களா? தனியாகக் கட்டணம் உண்டா?

ஏற்ற விடுவார்கள், கட்டணமும் கிடையாது. ஆனால் சக்கரங்களைக் கழற்றி, சைக்கிள் முழுவதையும் அதற்கென உள்ள பைக்குள் வைத்து மூடியிருக்க வேண்டும். கைப்பிடியோ இருக்கையோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது விதிப்படி மூடிய சாமான் ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 250 செ.மீ.க்குள்ளும், எடை 30 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும். சாதாரண சாலை சைக்கிள் இதற்குள் அடங்கிவிடும்.

இந்தப் பயணம் தொடங்கும் நிலையமும் முடியும் நிலையமும் வேறு வேறு என்பதால், பையை நாள் முழுவதும் கூடவே சுமக்க வேண்டும். எனவே மடித்தால் தண்ணீர் பாட்டில் அளவுக்குச் சுருங்கும் மெல்லிய துணிப்பையே பொருத்தம். விமானத்தில் கொண்டுவந்த பெரிய அட்டைப் பெட்டியையும் துணிமணிகளையும் அடுத்த நாள் தங்கப் போகும் விடுதிக்குக் கூரியரில் முன்கூட்டியே அனுப்பிவிடலாம். ஜப்பானில் இந்தச் சேவை மிகவும் நம்பகமானது.

மொத்தம் நூறு கிலோமீட்டர்கூட இல்லையே? ஊரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்டும் தூரம்தானே இது?

தூரம் சுமார் 95 கி.மீ.தான். ஆனால் இங்கே கணக்கிட வேண்டியது உயரத்தையும் நேரத்தையும். ஓபோகேயிலிருந்து மினோகோஷி வரையிலான ஏறக்குறைய 55 கி.மீ.யில், ஆற்றோரத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறோம். நடுநடுவே இறங்கி மறுபடியும் ஏறுவதையும் சேர்த்தால், கால்கள் செய்யும் வேலை இந்த எண் காட்டுவதைவிட அதிகம். வளைவுக்கு வளைவு வேகம் குறைவதால், சமவெளியில் மணிக்கு 25 கி.மீ. ஓட்டுபவர்கூட இங்கே சராசரியாக 10 முதல் 12 கி.மீ.தான் ஓட்டுவார்.

நான் சொல்லும் கணக்கு இது: காலை 6.30க்குக் கிளம்பி, கடைவீதி உள்ள கியோஜோ ஊரை 11 மணிக்குள்ளும், பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற நாகோரோவை 1.30க்குள்ளும், மினோகோஷியை 3 மணிக்குள்ளும் அடைய வேண்டும். இவற்றில் எந்த ஒன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் தவறினாலும், கணவாயைக் கடக்கும் எண்ணத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். திரும்பி வரும் வழியைப் பற்றிக் கீழே சொல்லியிருக்கிறேன்.

எந்த மாதம் போகலாம்? இலையுதிர் காலம்தான் அழகு என்கிறார்களே?

அழகுதான். அக்டோபர் நடுவில் ட்சுருகி மலையின் மேற்பகுதியில் இலைகள் நிறம் மாறத் தொடங்கி, நவம்பர் முதல் பாதியில் அந்த நிறம் கீழே கசுராபாஷி என்ற கொடிப்பாலம் வரை இறங்கி வருகிறது. ஆனால் அந்த நாட்களில் மாலை ஐந்தேகால் மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கின் அடியில் அதற்கு வெகு முன்பே மலைமுகட்டுக்குப் பின்னால் போய்விடும். கீழே இதமாக இருக்கும்போது கணவாயில் ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும் என்பதால், இறக்கத்தில் அணியக் காற்று புகாத மேற்சட்டையும் முழு விரல் கையுறையும் கட்டாயம் வேண்டும்.

என்னைக் கேட்டால், மே மாதத்தின் இரண்டாம் பாதியே சிறந்தது. பகல் நீளம், காடு முழுவதும் இளம்பச்சை, மே முதல் வாரத் தொடர் விடுமுறைக் கூட்டமும் ஓய்ந்திருக்கும். ஜூன் தொடக்கம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஆகஸ்டு, செப்டம்பரில் புயல்கள் வரும். இரண்டிலும் மண்சரிவு ஏற்பட்டுச் சாலை மூடப்படுவது சகஜம். டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்பகுதிச் சாலைகளில் பனி உறைந்து, போக்குவரத்தும் தடைப்படும். அப்போது இந்தப் பாதையை நினைக்கவே வேண்டாம்.

என்ன சைக்கிள் வேண்டும்? பேட்டரி சைக்கிளைக் கொண்டுபோகலாமா?

முழுக்கத் தார்ச்சாலை என்பதால் மலை சைக்கிள் தேவையில்லை. 28 முதல் 35 மி.மீ. அகல டயரும், முன்பல்லைவிடப் பின்பல் பெரிதாக இருக்கும் அளவுக்குத் தாழ்ந்த கியரும் இருந்தால் போதும். கியரைவிட முக்கியம் பிரேக். மினோகோஷியிலிருந்து சதாமிட்சு வரை சுமார் 40 கி.மீ. தொடர்ந்து இறக்கம், கிளம்புவதற்கு முன் பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள், ஒரு ஜோடி கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சைக்கிள் கடை இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பேட்டரி சைக்கிளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது நடைமுறையில் சாத்தியமில்லை. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி விமானத்தில் கொண்டுவர முடியாது. சைக்கிள் பேட்டரிகள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. ஜப்பானியச் சட்டமோ பெடல் மிதிக்கும்போது மட்டும், அதுவும் மணிக்கு 24 கி.மீ. வேகம் வரை மட்டும் உதவும் வண்டியைத்தான் சைக்கிளாக ஏற்கிறது. கைப்பிடியைத் திருகினால் ஓடும் வண்டி அங்கே மோட்டார் வாகனம் ஆகிவிடும்.

சாலை குறுகலாக இருக்கும் என்கிறார்கள். லாரி, பஸ் எதிரே வந்தால் என்ன செய்வது?

ஓபோகேயை ஒட்டிச் செல்லும் 32ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் லாரிகள் அதிகம். அதில் தேவைக்கு மேல் ஓட்டாமல் ஆற்றைக் கடந்து மலைச்சாலைக்குத் திரும்பிவிடுங்கள். கியோஜோவில் 439ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சேர்கிறோம். நெடுஞ்சாலை என்ற பெயரைப் பார்த்து அகலமான சாலையை எதிர்பார்க்கக் கூடாது. தொகுஷிமா நகரிலிருந்து ஷிமாந்தோ நகர் வரை தீவின் முதுகெலும்பை ஒட்டி ஓடும் இந்தச் சாலை, பல இடங்களில் ஒரு கார் மட்டுமே போகும் அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது.

பார்வை மறையும் வளைவுகளில் ஆரஞ்சு நிறக் கம்பத்தில் வட்டமான குவிகண்ணாடி நட்டிருப்பார்கள். வளைவை நெருங்கும்போது சாலையைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கண்ணாடியைப் பாருங்கள். எதிரே வரும் வண்டி அதில் ஒரு சிறு புள்ளியாக முதலிலேயே தெரிந்துவிடும். காலைப் பனி நேரத்தில் கண்ணாடி மங்கியிருக்கும், அப்போது காதைத்தான் நம்ப வேண்டும். பெரிய வண்டி வந்தால், சாலை சற்று விரிந்திருக்கும் ஒதுங்குமிடம் வரை காத்திருந்து வழிவிடுங்கள். அங்கே ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பது அரிது என்பதால், ஒலி வரவில்லையே என்று வண்டி வரவில்லை என முடிவு செய்துவிடக் கூடாது.

வெயில் படாத வளைவுகளில், சக்கரங்கள் ஓடாத சாலை நடுவில் பாசி படர்ந்திருக்கும். அதன்மேல் தேவதாரு போன்ற சுகி மரத்தின் சருகு உதிர்ந்து, பாசியே தெரியாதபடி மூடியிருக்கும். ஈரத்தில் அங்கே பிரேக் பிடித்தால் விழுவது நிச்சயம். கார் சக்கரம் ஓடித் துடைத்த தடத்திலேயே சென்று, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சுரங்கச் சாலைகளில் பகலிலும் முன்விளக்கும் பின்விளக்கும் எரிய வேண்டும்.

ஹெல்மெட் கட்டாயமா? லைசென்ஸ் கேட்பார்களா?

சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை. 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் ஹெல்மெட் அணிய முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அணியாவிட்டால் தண்டனை இல்லை. ஆனால் மேலே சொன்ன பாசியை நினைத்தால், இந்தப் பாதையில் ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஓட்டக் கூடாது என்றே சொல்வேன்.

இந்தியாவிலும் இலங்கையிலும் போலவே இடப்புறம்தான் ஓட்ட வேண்டும், அதனால் பழக்கம் மாறாது. கைபேசியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதற்கும், மது அருந்திவிட்டு ஓட்டுவதற்கும் 2024 நவம்பரில் தண்டனை கடுமையாக்கப்பட்டது. இரண்டுக்கும் சிறைத்தண்டனைகூட உண்டு. 2026 ஏப்ரல் முதல் சிறு விதிமீறல்களுக்கும் அபராதச் சீட்டு தருகிறார்கள். வழி பார்க்க வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

வழியில் சாப்பாடு, தண்ணீர் கிடைக்குமா? நான் சுத்த சைவம்.

ஜப்பான் என்றால் முக்குக்கு முக்கு 24 மணி நேரக் கடை இருக்கும் என்ற எண்ணத்தை ஓபோகேயிலேயே விட்டுவிடுங்கள். கொடிப்பாலம் அருகிலும் கியோஜோவிலும் கடைகள் உண்டு. அதற்கு மேலே மினோகோஷி வரை கிடைத்தால் அதிர்ஷ்டம். குளிர்பான இயந்திரங்கள் சிற்றூர்களிலும் நிற்கின்றன, தண்ணீர்ப் பிரச்சினை அவற்றால் தீரும். ஆனால் பழைய இயந்திரங்கள் சில, 2024இல் வெளியான புதிய 1,000 யென் நோட்டையும் 2021இல் வந்த புதிய 500 யென் நாணயத்தையும் ஏற்பதில்லை. 100 யென் நாணயங்கள் ஒரு பிடி கையில் இருக்கட்டும்.

இயாவின் சொந்த உணவு, குளிர்ந்த மலைச்சரிவில் விளையும் பக்வீட் மாவில் செய்த நூடுல்ஸ். மாவைச் சேர்த்துப் பிடிக்க வேறு எதையும் அதிகம் கலக்காததால் அது தடித்து, குட்டையாக, எளிதில் அறுந்துபோகும். அதன் சாறு உலர்ந்த மீனில் எடுத்தது. தொட்டுக்கொள்ளும் சாறும் அப்படியே. சைவர்களுக்கு ஏற்றது மூங்கில் குச்சியில் உருளைக்கிழங்கு, கெட்டியான தோஃபு, கொன்யாக்கு என்ற கிழங்குக் கூழ்க்கட்டி ஆகியவற்றைக் கோத்து, மிசோ என்ற புளித்த சோயா விழுதைத் தடவித் தணலைச் சுற்றி நட்டுச் சுடும் தெகோமவாஷி. இயா உருளைக்கிழங்கு சிறியது, சுட்டாலும் உடையாமல் கெட்டியாக நிற்கும். மிசோ ஓரங்களில் கருகி, வாசனை கடை வாசல் வரை வரும். மிசோவில் மீன்சாறு கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இது தவிர, உப்பில் ஊறிய உமே பழம் வைத்த சோற்று உருண்டைகள், வாழைப்பழம், கடலை என்று ஒரு வேளைக்கானதை முந்தைய நாளே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கொடிப்பாலத்தின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாமா?

முடியாது, தேவையும் இல்லை. இயாவின் கசுராபாஷி 45 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்டு, ஆற்றுக்கு 14 மீட்டர் மேலே தொங்கும் நடைபாலம். காட்டுக்கொடியால் பின்னி, பாதுகாப்புக்கு உள்ளே எஃகுக் கம்பி வைத்து, 3 ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டுப் போரில் தோற்று இங்கே ஒளிந்த ஹெய்கே குலத்தார், எதிரி வந்தால் வெட்டிவிட வசதியாகக் கொடியால் பாலம் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை.

கட்டணம் செலுத்தி ஒரு திசையில் மட்டுமே நடக்கலாம். கால் வைக்கும் கட்டைகளுக்கிடையே பாதம் பாதி நுழையும் இடைவெளி இருப்பதால், அடியில் உலோகக் கட்டை பதித்த சைக்கிள் காலணியோடு நடப்பது ஆபத்து. சாதாரண காலணியில் வருபவர்களுக்குப் பிரச்சினை இல்லை. காலை 8 மணி வாக்கில் திறந்தவுடன் கடந்துவிட்டால், சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன் கிளம்பிவிடலாம்.

பாலத்தைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே காடுதானே?

காட்டைவிட, அந்தச் சரிவில் மனிதர்கள் வாழும் விதத்தைப் பார்க்கத்தான் நான் இந்தப் பாதையைச் சொல்கிறேன். கியோஜோவைத் தாண்டியதும் வரும் ஒச்சியாய் ஊரில், மிகக் கீழுள்ள வீட்டுக்கும் மிக மேலுள்ள வீட்டுக்கும் 390 மீட்டர் உயர வேறுபாடு. 2005இல் பாதுகாக்கப்பட்ட மரபுக் குடியிருப்பாக அறிவிக்கப்பட்ட இந்த ஊரை, எதிர்மலையிலுள்ள காட்சிமேடையிலிருந்து பார்த்தால்தான் அமைப்பு முழுவதும் புரியும். அங்கே ஏற அரை மணி நேரம் செலவாகும், கணக்கில் இடமிருந்தால் ஏறுங்கள்.

வயல்களைக் கவனியுங்கள். நெற்படிகள் கிடையாது, சரிவு சரிவாகவே இருக்க, அதிலேயே உழுது பயிரிடுகிறார்கள். ஓரங்களில் வைக்கோல் போர் போலக் கூம்பாகக் கட்டி நிறுத்தியிருப்பது கோரை போன்ற நெட்டைப் புல். அதை வெட்டி, உலர்த்தி, மண்ணில் கலந்து, மழையில் மண் கரைந்து ஓடாமல் காக்கிறார்கள். கரைந்து இறங்கிய மண்ணைக் கருவிகளால் மேலே இழுத்துப் போடுகிறார்கள். 2018இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இந்தச் சரிவு வேளாண்மையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. காரில் போகிறவர் இதை ஒரு நொடியில் கடந்துவிடுவார். ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கோ, ஒரு பாட்டி கூடையை முதுகில் கட்டிக்கொண்டு அந்தச் சரிவில் நிமிர்ந்து நடப்பதை முழுமையாகப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

நாகோரோ பொம்மைகளைப் பார்க்கப் பயமாக இருக்காதா? படம் எடுக்கலாமா?

பயப்பட ஒன்றுமில்லை. இந்த ஊரைச் சேர்ந்த அயானோ ட்சுகிமி, ஒசாகாவிலிருந்து திரும்பிய பிறகு வயலுக்காகத் தன் தந்தையின் சாயலில் ஒரு காவல் பொம்மை செய்தார். பிறகு இறந்துபோனவர்களுக்கும் ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் ஈடாகப் பொம்மைகளைச் செய்து ஊரெங்கும் வைத்தார். 2012இல் மூடப்பட்ட பள்ளியிலும் அவை உட்கார்ந்திருக்கின்றன. இன்று ஊரில் மனிதர்களைவிடப் பொம்மைகள் பல மடங்கு அதிகம்.

படம் எடுக்கலாம், ஆனால் பொம்மைகளைத் தொட்டு நகர்த்தவோ, வீட்டு முற்றத்துக்குள் நுழையவோ கூடாது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர் பொம்மையா, மனிதரா என்று தூரத்திலிருந்து தெரியாது. எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிடுவதே நல்லது.

கரடி இருக்கிறதாமே?

ஷிகோகுவில் கருங்கரடி அழியும் நிலையில் இருக்கிறது. ட்சுருகி மலைத்தொடரில் எஞ்சியவை மிகச் சிலவே. சாலையில் எதிர்ப்படும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. நீங்கள் உண்மையில் சந்திக்கப் போவது குரங்குக் கூட்டம். உணவைக் கைப்பிடியில் தொங்கவிடாமல், கண்ணோடு கண் பார்க்காமல் கடந்துவிடுங்கள்.

நான் அதிகம் எச்சரிப்பது ராட்சதக் குளவியைப் பற்றித்தான். செப்டம்பர், அக்டோபரில் அவை கூட்டைக் காக்க மூர்க்கமாகும். கருப்பு நிறத்தை நோக்கிப் பாயும். வெளிர் நிற உடை அணியுங்கள். ஒரு குளவி உங்களைச் சுற்றி வட்டமிட்டால், கையை வீசாமல் மெதுவாக வந்த வழியே பின்வாங்குங்கள்.

எதிர்த்திசையில், சதாமிட்சுவிலிருந்து ஏறினால் எளிதல்லவா? இயா முழுவதும் இறக்கமாகிவிடுமே?

கேட்க நன்றாக இருக்கிறது. வலுவானவர்கள் சிலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். கடினமான ஏற்றம் காலையிலேயே முடிந்துவிடும் என்பது அதன் நன்மை. ஆனால் 1,300 மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம் இடைவேளையில்லாமல் ஒரே மூச்சில் வரும். ஒச்சியாயும் நாகோரோவும் இறக்க வேகத்தில் கடந்துபோகும்.

நான் ஓபோகேயிலிருந்து ஏறச் சொல்வதற்குக் காரணம் பாதுகாப்பு. அந்தத் திசையில் எந்த இடத்தில் களைத்தாலும், மழை வந்தாலும், நேரம் தவறினாலும், திரும்பும் வழி பெரும்பாலும் இறக்கம். ஆறு போகும் பக்கம் சைக்கிளைத் திருப்பினால் போதும். எதிர்த்திசையில் கணவாயைக் கடந்த பிறகு சிக்கல் வந்தால், திரும்புவதற்கு மலை குறுக்கே நிற்கும்.

போன பிறகு சாலை மூடியிருந்தால்? அல்லது மேலே இருட்டிவிட்டால்?

சாலை மூடல் இரண்டு வகை. மண்சரிவால் முழுவதும் மூடுவது ஒன்று. பணி நடக்கும்போது மூடிவைத்து, குறிப்பிட்ட வேளைகளில் மட்டும் சில நிமிடங்கள் திறந்துவிடுவது இன்னொன்று; இதில் திறக்கும் நேரத்தைப் பலகையில் எழுதியிருப்பார்கள், காத்திருந்தால் போதும். தடுப்பைத் தூக்கிவிட்டு நுழைவது சட்டப்படியும் தவறு, மேலிருந்து கல் விழும் என்பதாலும் தவறு. முந்தைய இரவு விடுதிக்காரரிடம் கேளுங்கள். எந்தச் செயலியைவிடவும் அவருக்குத் தெரியும். திசைகாட்டும் செயலியோ, கியோஜோவில் மேற்கே 1,133 மீட்டர் உயரமுள்ள கியோபாஷிரா கணவாய்க்கு உங்களைத் திருப்பக்கூடும், அதுவும் 439தான். நீங்கள் ஆற்றின் மேல்பக்கம், கிழக்கே தொடர வேண்டும்.

மினோகோஷிக்கு 3 மணிக்கு வெகுநேரம் கழித்துச் சேர்ந்தால், இருட்டில் அந்த 40 கி.மீ. இறங்க வேண்டாம். அங்கே தங்குமிடங்கள் உண்டு என்றாலும் பருவத்தைப் பொறுத்தவை. முன்பதிவில்லாமல் நம்பிப் போக முடியாது. நாகோரோவிலேயே முடிவெடுத்துத் திரும்புவதுதான் முறை. பல இடங்களில் கைபேசிச் சிக்னல் இருக்காது; கிடைக்கும் இடத்தில் ஆம்புலன்ஸுக்கு 119, போலீஸுக்கு 110. வெளிநாட்டவருக்கு அங்கே மருத்துவச் செலவு மிக அதிகம், காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? இரண்டு நாளாகப் பிரித்தால் என்ன?

தாராளமாகப் பிரிக்கலாம், முதல் முறை வருபவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். ஒச்சியாயில் பழைய கூரைவீடுகளைச் செப்பனிட்டு விருந்தினருக்கு விடுகிறார்கள். முதல் நாள் ஓபோகேயிலிருந்து அங்கே வரை நிதானமாக ஏறி, மறுநாள் காலை கணவாயைக் கடந்தால், மேலே சொன்ன நேரக் கணக்குகள் எல்லாம் தளர்ந்துவிடும். மினோகோஷியிலிருந்து நாற்காலி லிஃப்டில் ஏறி, 1,955 மீட்டர் உயர ட்சுருகி உச்சிக்கு நடந்து வரவும் நேரம் இருக்கும்.

சிறு விடுதிகளில் இரவு உணவு ஆறு மணி வாக்கில் பரிமாறப்படும், சமைப்பது உங்களுக்காக மட்டுமே. ஆகவே முன்பதிவின்போதே சைவம் என்பதை, மீன்சாறும் கூடாது என்று விளக்கிச் சொல்லிவிடுங்கள். வழியில் தாமதமானால் தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள். நேரத்துக்கு வந்து சேராத சைக்கிள்காரரைத் தேடி அவர்களே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.